மகளிர் உரிமைத் தொகை: எந்தப் பதிவு தடுத்தது?

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு மனு போடும்போது வருமானச் சான்று, சொத்துச் சான்று எதுவும் கேட்பதில்லை. ஆதார், ரேஷன் அட்டை, மின் கட்டண ரசீது, பாஸ்புக் போதும். சோதனையே கிடையாது போல என்று நினைத்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்ததை அரசுத் துறைகளின் பதிவுகளோடு பிறகு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்; பெரும்பாலும் அங்கேதான் மாட்டுகிறது.

நிராகரித்ததாகக் குறுஞ்செய்தி வந்தால் முதலில் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கஷ்டத்தை நாலு பக்கம் எழுதுவதால் பயனில்லை.

படுத்தி எடுப்பது கார்தான்; சொந்தக் கார் இருக்கும் குடும்பத்துக்குத் தொகை கிடையாது. வண்டியை விற்று வருஷக்கணக்கில் ஆகியிருக்கும், ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) மட்டும் கணவர் பெயரிலேயே கிடக்கும். டிராக்டரும் இந்தக் கணக்கில் சேரும். படிவம் 29, 30 கொடுத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயரை மாற்ற வேண்டும். வாங்கியவரைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டு மாத பில்லுக்குச் சராசரி 600. கோடையில் ஒரு பில் 700-ஐத் தாண்டியதற்காகப் பயப்பட வேண்டாம், ஆறு பில்லையும் கூட்டிப் பாருங்கள்.

குடும்பம் என்றால் ரேஷன் அட்டையில் இருப்பவர்கள். தனிக்குடித்தனம் போன மகன் அரசு ஊழியர், பெயர் இன்னும் அம்மாவின் அட்டையில் என்றால் அம்மாவுக்குக் கிடைக்காது. பெயர் நீக்கத்தை முதலில் முடியுங்கள். நில வரம்பு நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உங்கள் பங்கு எவ்வளவு என்று காட்டும் ஆவணம் கையில் இருக்கட்டும்.

மேல்முறையீட்டை 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகப் போட வேண்டும். முடிவெடுப்பவர் வருவாய்க் கோட்டாட்சியர். சொன்ன காரணத்துக்கு மட்டும் பதிலும் ஆதாரமும் கொடுங்கள், போதும்.

தேர்வான பிறகும் 1,000 ரூபாய் வரவில்லையா? மனுவில் எழுதிய கணக்கை விட்டுவிட்டு, ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைந்தது என்று பாருங்கள். ஆதார் வழியாக அனுப்பும் பணம் அந்தக் கணக்குக்குத்தான் போகும். எப்போதோ நூறு நாள் வேலைக்காகத் திறந்து மறந்துபோன பாஸ்புக்கைத் தேடி எடுத்து, வங்கியில் வரவைப் பதிந்து பாருங்கள்.