அப்பாயியின் சேலை மடிப்புக்காக இரண்டு தடவை ஹட்டன் போனேன்

எங்கள் குடும்பம் முழுதாக நிற்கிற படம் ஒன்றே ஒன்றுதான். இலங்கைத் தோட்டத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்களில் பாதிப் பேர் கப்பல் ஏறுவதற்கு முன்னால், 1974இல் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். தலவாக்கலை ஈரத்தில் கிடந்து மங்கிவிட்டது. கூடலூரில் இருக்கிற அத்தைக்குப் பிரிண்ட் போட்டு அனுப்ப வேண்டும் என்றுதான் ஹட்டனில் இருக்கிற ஸ்கேன் கடைக்குப் பஸ் ஏறினேன்.

கடைத் தம்பி ஸ்கேன் பண்ணிவிட்டு, "பாருங்கக்கா, எப்படி பளிச்சுன்னு வந்திருக்கு" என்றார். சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் கிம்ப் என்கிற படம் திருத்தும் மென்பொருளில் திறந்து பெரிதாக்கினால் அப்பாயியின் வெள்ளைச் சேலையில் ஒரு மடிப்பு இல்லை, கரை இல்லை, வெறும் வெள்ளைத்தாள். கையில் இருக்கிற அசலில் மடிப்பு நன்றாகவே தெரிகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிரைட்னஸைக் குறைத்தேன், சேலை சாம்பலானது, முகங்கள் இருண்டன, மடிப்பு மட்டும் வரவே இல்லை. இப்படியே இரண்டு இரவு போனது.

அப்புறம் ஹிஸ்டோகிராமைப் பார்த்தேன், படத்தில் எந்த அளவு வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற வரைபடம் அது. 0 என்றால் முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. வலது ஓரத்தில் கோடு சுவர் மாதிரி முட்டி நின்றது. சேலை முழுக்க 255. ஸ்கேனர் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறது. ஸ்கேனிலேயே எரிந்த வெள்ளையில் விவரம் எதுவும் மிஞ்சாது, அதற்கப்புறம் எந்த மென்பொருளில் எவ்வளவு இழுத்தாலும் வராது. தயவுசெய்து கடையை விட்டுக் கிளம்புமுன் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், பஸ் காசும் ஒரு நாளும் மிஞ்சும்.

மறுபடி ஹட்டன். மழை வேறு, படத்தை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து பையில் சுற்றிக்கொண்டு போனேன். "எல்லாருக்கும் இப்படித்தானே அடிச்சுக் கொடுக்கிறோம்" என்று தம்பிக்குக் கொஞ்சம் கோபம். சரி என்று பக்கத்தில் உட்கார்ந்து நானே காட்டினேன்: ஆட்டோ திருத்தம் எல்லாம் ஆஃப், 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி), 16 பிட் கிரே, தரம் குறையாமல் சேமிக்க டிஃப் கோப்பு. கறுப்பிலிருந்து வெள்ளை வரைக்கும் 8 பிட்டில் 256 படிகள்தான், 16 பிட்டில் 65,536. அதனால் மங்கின படத்தை இழுத்து விரிக்கும்போது சாம்பல் நிறம் பட்டை பட்டையாக உடையாது. வந்த படம் மங்கலாக, அழுக்காகத்தான் இருந்தது. அந்த மங்கலுக்குள்தான் மடிப்பு இருந்தது! பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள், போனுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள், படம் சுருங்கிவிடும்.

அதன்பிறகு வேலை அரை மணி நேரம்தான். பிரைட்னஸை விட்டுவிட்டு, கறுப்பு, நடு, வெள்ளை அளவுகளைத் தனித்தனியாக நகர்த்துகிற லெவல்ஸுக்குப் போனேன். அதற்கு முன்னால் படத்தின் வெள்ளை ஓரத்தை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஓரத்தையும் சேர்த்தே ஹிஸ்டோகிராம் கணக்கெடுக்கும். ஹிஸ்டோகிராமுக்குக் கீழே இருக்கிற கறுப்பு முக்கோணத்தையும் வெள்ளை முக்கோணத்தையும் வரைபட மேடு தொடங்குகிற இடம் வரைக்கும் நகர்த்தி, நடு முக்கோணத்தை 1.00இலிருந்து 1.35க்குக் கொண்டுபோனேன். முகங்கள் எழுந்து வந்தன, சேலை எரியவில்லை.

முதல் பிரிண்ட் மட்டும் இருட்டாக வந்தது. லேப்டாப் திரையின் வெளிச்சத்தை முழுசாக வைத்துத் திருத்தியிருந்தேன், அதனால் படம் திரையில் மட்டும் வெளிச்சமாகத் தெரிந்திருக்கிறது. திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்து, படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் தூக்கி, மறுபடி அடித்தேன்.

லயத்தில் எது எங்கள் காம்பரா (அறை) என்று வீட்டில் எப்போதும் வாக்குவாதம் நடக்கும். இருட்டாகக் கிடந்த காம்பராக் கதவில் இப்போது வெள்ளைப் பெயிண்டில் 4 என்று தெரிகிறது. பிரிண்ட் கிடைத்ததும் அத்தை போன் எடுத்தார். "நாலாம் நம்பர்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றார், அப்புறம் சேலைக் கரையைப் பற்றித்தான் வெகுநேரம் பேசினார்.