கைப்பிடி அரிசியில் படித்த இருவர்

வேலூருக்கு வெளியூர்க் கிறிஸ்தவர்கள் போவது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குத்தான். சி.எம்.சி.யில் டோக்கன், பக்கத்துச் சந்தில் லாட்ஜ், அப்புறம் காட்பாடியில் ரயில். நானும் அப்படியே போய் வந்தவன். இந்த முறை போனது அத்தை ஊர்ச் சபையின் ஸ்தோத்திர ஆராதனைக்கு. அந்தச் சபையில் வளர்ந்த ஒரு பையனும் ஒரு பெண்ணும் மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பி.டி. என்னும் இறையியல் பட்டப்படிப்பை முடித்திருந்தார்கள்.

முதல் நாள் சாயங்காலம் கோட்டைக்குப் போனேன். ஜலகண்டேஸ்வரரைப் பார்க்கப் போகிற கூட்டத்தோடு உள்ளே நுழைந்து, 1846-ல் கட்டப்பட்ட பரிசுத்த யோவான் ஆலயத்தின் முன் கொஞ்ச நேரம் நின்று ஜெபித்தேன். கும்பினிப் பட்டாளத்துக்காகக் கட்டிய கோயில் அது. இந்தப் பக்கத்துக் கிராமச் சபைகள் பலவற்றின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. 1853-ல் அமெரிக்க மிஷனரிகளான ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன் ஊர் ஊராக நடந்து உண்டாக்கிய சபைகள் அவை. சி.எம்.சி.யைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை.

ஞாயிறு காலை திருவலம் தாண்டி இறங்கும்போதே பேண்டு வாத்தியம் கேட்டது. ஊர் முனையிலிருந்து பட்டதாரிகள் இருவரையும் ஊர்வலமாக அழைத்து வந்தார்கள். மே மாத வெயிலில் கறுப்பு அங்கி. பையன் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தான். கழற்ற யாரும் விடவில்லை. மதுரைக்கு வந்து பட்டமளிப்பைப் பார்க்க முடியாதவர்கள்தான் ஊரில் முக்கால்வாசிப் பேர். அவர்களுக்கும் பார்க்க வேண்டுமே!

ஆராதனையில் சங்கீதம் 126 வாசித்தார்கள். அப்புறம் பொன்னாடைகள். அதைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. நம் சபைகளில் பொன்னாடைக்கு ஒரு வரம்பு வைத்தால் ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்பது என் எண்ணம்.

பட்டச் சான்றிதழை எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். படித்தது மதுரையில், பட்டம் கொடுப்பது வங்காளத்துச் செராம்பூர் கல்லூரி. 1818-ல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமையை 1827-ல் கொடுத்தவர் டென்மார்க் ராஜா. செராம்பூர் அப்போது டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது, நம் தரங்கம்பாடியைப் போலவே.

சாட்சி சொல்ல முதலில் அந்தப் பெண் எழுந்தாள். அரசரடியில் மாணவர்கள் படிப்புக்கு நடுவே ஒரு வருடம் விடுதியை விட்டு வெளியேறி, குடிசைப் பகுதியில் மக்களோடு தங்கிப் படிக்கும் வழக்கம் உண்டு. அந்த வருடத்தைத்தான் பேசினாள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றது, பக்கத்து வீட்டம்மாவின் பிரசவத்துக்கு ஆட்டோ பிடித்து ஓடியது. "கிரேக்கு வகுப்புல தூங்கியிருக்கேன். அங்க தூங்கலை" என்றாள். சபையே சிரித்தது.

இந்தச் சபை சேர்ந்திருக்கும் தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) முதல் பெண் ஆயருக்கு, அதாவது பாஸ்டருக்கு, அபிஷேகம் நடந்தது 1976-ல். சென்னையிலிருந்து பிரிந்து வேலூர் பேராயம் (டயோசிஸ்) உருவானதும் அதே வருடம். 2013-ல் நந்தியாலில் ஒரு பெண் பேராயரே (பிஷப்பே) ஆகிவிட்டார். இருந்தும் இந்தச் சபையிலிருந்து ஒரு பெண் இறையியல் படிக்கப் போக இத்தனை காலம் ஆகியிருக்கிறது. அதையும் அவள் சொன்னாள், குரலை உயர்த்தாமல். முன்வரிசைப் பெரியவர்கள் சிலர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள்.

பிறகு பெண்கள் ஐக்கிய சங்கத்தாரைப் பீடத்துக்கு முன்னால் வரச் சொன்னார் ஆயர். எனக்கு அன்றைய ஆராதனையே அதுதான். சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருவது இந்தப் பெண்களின் பழக்கம். அதை விற்ற பணம்தான் இருவருக்கும் விடுதிக் கட்டணமாகப் போயிருக்கிறது. ரேஷன் அரிசியும் உண்டு, அறுப்புக் காலத்தில் வீட்டு நெல்லும் உண்டு. பீடி சுற்றுகிறவர்கள், ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள், நூறு நாள் வேலைக்காரர்கள். அங்கி போட்ட இருவரும் அவர்கள் முன்னால் முழங்கால்படியிட, வயதில் மூத்த ஆயா ஒருவர் இருவர் தலையிலும் கை வைத்து ஜெபித்தார். நீளமான ஜெபம். நடுவில் தன் மாட்டுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மதியம் பந்தி. சாம்பாரில் இலவம்பாடி முள்கத்தரிக்காய். அதற்காகவே இன்னொரு தரம் போகலாம். எனக்கு எதிரே அந்த ஆயா உட்கார்ந்திருந்தார். இனி என்ன என்று சபைச் செயலாளரிடம் கேட்டேன். பேராயம் இவர்களை ஒரு மூத்த ஆயரிடம் உதவிக்கு அனுப்பும், அப்புறம் ஆயருக்கு முந்தின படியான டீக்கன், அதற்கும் பிறகுதான் ஆயர் அபிஷேகம் என்றார். சொந்தச் சபைக்கு அனுப்ப மாட்டார்கள் என்றும் சொன்னார்.

ஆயாவுக்கு அது பிடிக்கவில்லை. ஆயரை அவர்கள் ஐயர் என்றுதான் சொல்வார்கள். "அரிசி நாங்க குடுக்கறது, ஐயரு வேற ஊருக்கா?"

"இதுவரைக்கும் நம்ம ஊருக்கு வந்த ஐயருங்களுக்கெல்லாம் எந்த ஊரு ஆயா அரிசி குடுத்தாங்களோ?" என்றார் செயலாளர்.

ஆயா கொஞ்சம் யோசித்தார். "அது சரி" என்றவர், பரிமாறிய பையனைப் பார்த்து, "டேய் கண்ணு, கத்திரிக்கா பாத்துப் போடு" என்றார்.