15ஆம் நாள் நின்றுபோன தளம்

பல ஆண்டுகளாகக் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்த பறவைக் குறிப்புகளை ஓர் இணையதளமாக்க முடிவு செய்தபோது, தளத்தின் முகவரியாகிய டொமைன் பெயரைப் பதிவு செய்வது அரை மணி நேர வேலை என்றே எண்ணியிருந்தேன். பணம் செலுத்தி முடிக்க அவ்வளவு நேரம்தான் ஆயிற்று. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் சில வாரங்கள் கழிந்தன.

நான் விரும்பிய பெயரில் ஒரு ழகரமும் ஒரு நெடிலும் இருந்தன. நண்பர்கள் நால்வரிடம் அதைத் தொலைபேசியில் சொல்லி, ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்து அனுப்பச் சொன்னேன். மூன்று வடிவங்கள் வந்து சேர்ந்தன. தமிழ் எழுத்திலேயே பதிவு செய்துவிடலாமே என்ற ஆசை அப்போதுதான் எழுந்தது. அதற்கு வழியும் இருக்கிறது. ஆயினும் டொமைன் கட்டமைப்பு உள்ளுக்குள் 26 ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் இடைக்கோட்டையும் மட்டுமே கையாளுவதால், தமிழ்ப் பெயர் பியூனிகோடு என்னும் முறையில் அவ்வெழுத்துகளாக மாற்றப்பட்டே பதிவாகிறது. ஒரு பெயர்ப்பகுதி 63 குறிகளைத் தாண்டக் கூடாது என்ற வரம்பும் அந்த மாற்றிய வடிவத்துக்குத்தான். தமிழ் டொமைனில் அமைந்த மின்னஞ்சல் முகவரிகளை ஏற்க மறுக்கும் படிவங்கள் இன்னும் பல இருப்பதால், மனமில்லாமல் அந்த எண்ணத்தைக் கைவிட்டு, ஆங்கில எழுத்துக்கூட்டல்களில் இரண்டைப் பதிவு செய்து, ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிட்டேன்.

டாட் காம் போன்ற பெயர்களை ஓராண்டு முதல் 10 ஆண்டுகள் வரை பதிவு செய்துகொள்ளலாம். நான் இரண்டாண்டுகளுக்கு எடுத்தேன். டொமைனை வாங்குகிறோம் என்று பேச்சில் சொன்னாலும், குறிப்பிட்ட காலத்துக்கு அதைப் பயன்படுத்தும் உரிமையைத்தான் பெறுகிறோம். அந்த உரிமை யாருடையது என்பதற்குச் சான்றாக நிற்பவை பதிவேட்டில் உள்ள பெயரும் தொடர்பு மின்னஞ்சலுமே. தளத்தை வடிவமைத்துத் தந்த நண்பர் தம் கணக்கிலேயே பதிவு செய்து தருவதாக அன்போடு சொன்னபோதும், என் பெயரில் நானே செய்துகொண்டது இந்தக் காரணத்தால்தான்.

நான் தவறியது அதற்குப் பிறகு. டொமைன் பெயரைத் தளம் இருக்கும் கணினிக்கு வழிகாட்டும் நேம்சர்வர்களை மாற்றி, தளமும் திறந்து, புதிய டொமைனிலேயே ஒரு மின்னஞ்சல் பெட்டியும் அமைத்த மகிழ்ச்சியில், பதிவேட்டில் இருந்த என் பழைய மின்னஞ்சலை நீக்கிவிட்டுப் புதிய முகவரியைக் கொடுத்தேன். தொடர்பு முகவரியை மாற்றினால் அதைச் சரிபார்க்கப் பதிவு நிறுவனம் ஓர் இணைப்பை அனுப்பும். டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் விதிப்படி, 15 நாட்களுக்குள் அது உறுதி செய்யப்படாவிட்டால் பெயரை அந்நிறுவனம் நிறுத்திவைக்கலாம். அந்தக் கடிதம் ஸ்பேம் பெட்டிக்குள் கிடந்தது. நான் பார்க்கவில்லை.

தளம் நின்ற அன்று, கோளாறு தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் ஹோஸ்டிங் சேவையில்தான் என்று நம்பி, ஒரு பகல் முழுவதும் அதன் அமைப்புகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். மாலையில் டொமைனின் நிலையைத் தேடிப் பார்த்தபோதுதான் ‘கிளையண்ட் ஹோல்ட்’, அதாவது பதிவு நிறுவனமே பெயரை நிறுத்திவைத்திருக்கிறது என்ற குறிப்பு கண்ணில் பட்டது. உறுதி இணைப்பை மீண்டும் அனுப்பச் சொன்னேன், வரவில்லை. டொமைன் நின்றதால் அதே டொமைனில் இருந்த மின்னஞ்சலும் நின்றுபோயிருந்தது என்பது புரிய இன்னும் ஒரு மணி நேரம் ஆயிற்று. நல்ல வேளையாகப் பதிவு நிறுவனத்தின் கணக்கில் நுழைய முடிந்தது. பழைய மின்னஞ்சலையே மீண்டும் கொடுத்து, அங்கு வந்த இணைப்பை அழுத்தியதும், சில மணி நேரத்தில் நிறுத்தம் நீங்கியது.

இப்போது தொடர்பு முகவரியாக என் பழைய மின்னஞ்சலே இருக்கிறது. தானியங்கிப் புதுப்பித்தலையும் இயக்கி வைத்து, டொமைனின் காலாவதி நாளைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.