தாயும் நகலும்: குளுட்2 மரபணுவைப் பிரித்து அளந்த அனுபவம்

குளூட்டமேட்டை ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டாக மாற்றும் குளூட்டமேட் டீஹைட்ரஜனேஸ் நொதிக்குப் பெரும்பாலான பாலூட்டிகளில் ஒரே மரபணுதான். அதுதான் குளுட்1, மனிதரில் 10ஆம் குரோமோசோமில் 13 எக்ஸான்களோடு (எம்ஆர்என்ஏவில் தங்கும் துண்டுகள்) இருக்கிறது. கிப்பன் தொடங்கி மனிதர் வரையிலான வாலில்லாக் குரங்குகளிடம் மட்டும் இன்னொன்றும் உண்டு: எக்ஸ் குரோமோசோமில், இன்ட்ரானே (எக்ஸான்களுக்கு இடையில் இருந்து வெட்டி எறியப்படும் துண்டு) இல்லாத குளுட்2. குளுட்1இன் எம்ஆர்என்ஏ மறுபடி டிஎன்ஏவாகப் படியெடுக்கப்பட்டு ஜீனோமில் செருகிக்கொண்ட நகல் அது. பழைய உலகக் குரங்குகளின் கிளை பிரிந்த பிறகுதான் இது தோன்றியது என்பதை 2004இல் புர்கியும் கேஸ்மனும் காட்டினார்கள். இதன் பரிணாமத்தையும் எந்தத் திசுவில் எவ்வளவு வெளிப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்ததில், பரிணாம மரம் வரைவது எளிதான பாதி. வேலையைத் தின்றது வெளிப்பாட்டு அளவுதான்.

முதலில் வரிசைகள். என்சிபிஐ தரவுத்தளத்தில் மனித குளுட்1க்கு என்எம்_005271, குளுட்2க்கு என்எம்_012084. இரண்டுமே 558 அமினோ அமிலம். நிறுத்தக் கோடானோடு 1,677 நியூக்ளியோடைடு. பிளாஸ்ட் என்ற வரிசைத் தேடல் கருவியில் தேடினால் 10ஆம் குரோமோசோமிலேயே குளுட்1இன் போலி மரபணுக்கள் (செயலிழந்த நகல்கள்) பல வந்து நிற்கும். திறந்த வாசிப்புச் சட்டம் (புரதமாகப் படிக்கப்படும் பகுதி) கடைசிவரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்தே எதையும் சேர்க்க வேண்டும். மற்ற இனங்களில் தானியங்கிக் குறிப்பு வைத்திருக்கும் பெயரை நம்ப வேண்டாம். எக்ஸ் குரோமோசோமில் சிடி47 மரபணுக் கூட்டத்துக்கும் (இங்கே சிடி என்பது ‘கேன்சர்-டெஸ்டிஸ்’) கிரியா3 மரபணுவுக்கும் நடுவில் அந்த நகல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுவது மேல். சிடி47 அடுக்கடுக்காகத் திரும்பும் பகுதி என்பதால் பழைய ஜீனோம் தொகுப்புகளில் அங்கே ஓட்டை இருக்கலாம். நாங்கள் நம்பிய நங்கூரம் கிரியா3.

வரிசைகளின் சீரமைப்பைப் புரத அளவில் மாஃப்ட் மென்பொருளில் செய்து, பால்2நால் மென்பொருளில் கோடானுக்குத் திருப்பினோம். நிறுத்தக் கோடானை வெட்டாமல் கோட்எம்எல்லுக்கு (தேர்வின் தடயத்தைக் கணக்கிடும் மென்பொருள்) கொடுத்தால் அது முறைத்துக்கொள்ளும். மரத்தில் குளுட்2 தோன்றிய கிளைக்கு #1 என்று அடையாளமிட்டு, கிளை-தள மாதிரியை ஓட்ட வேண்டும்: மாடல் = 2, என்எஸ்சைட்ஸ் = 2. ஒப்பீட்டு ஓட்டத்தில் ஒமேகாவை (அமினோ அமிலத்தை மாற்றும் மாற்றங்களுக்கும் மாற்றாத ‘அமைதி’ மாற்றங்களுக்குமான வேக விகிதம்) 1இல் பூட்டிவிடுங்கள். இரண்டு ஓட்டங்களின் லாக் லைக்லிஹுட் மதிப்புகளின் வித்தியாசத்தை இரட்டித்தால் 3.84ஐத் தாண்ட வேண்டும், அப்போதுதான் நேர்மறைத் தேர்வு என்று சொல்லலாம். தொடக்க ஒமேகாவை 0.5, 1, 2 என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒரே ஓட்டத்தில் தப்பான குழியில் போய் நின்றுவிடுவது சகஜம். ஏதாவது ஒரு கிளையில் ஒமேகா 999 என்று வந்தால் குதூகலிக்க ஒன்றுமில்லை. அந்தக் கிளையில் அமைதி மாற்றமே இல்லை, பூச்சியத்தால் வகுத்திருக்கிறது, அவ்வளவுதான். குரங்குகளின் வரிசைகள் இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது இது அடிக்கடி வரும்.

மாறிய அமினோ அமிலத் தளங்களைப் பேசும்போது எண்ணில் கவனம் தேவை. ஆய்வுகளில் வரும் 443 (ஆர்ஜினைன் செரைனானது), 456 (கிளைசீன் அலனைனானது) என்ற எண்கள் முதிர்ந்த புரதத்துக்கானவை. முழு வரிசையில் 53ஐக் கூட்டி 496, 509 என்று தேட வேண்டும். புரதம் முதிரும்போது வெட்டப்படும் மைட்டோகாண்ட்ரியா முன்துண்டை 57 என்று எடுத்துக் கூட்டினால் நான்கு இடம் தள்ளி விழும். 456இல் வந்த மாற்றம் ஜிடிபி என்ற மூலக்கூறின் தடையிலிருந்து நொதியை விடுவிக்கிறது. 443இல் வந்தது அடிப்படைச் செயலை வெகுவாகக் குறைத்து, அடினோசின் டைபாஸ்பேட் (ஏடிபி) இருந்தால்தான் வேலை என்ற நிலைக்குக் கொண்டுவருகிறது.

இனி திசுக்கள். மனிதத் தரவுக்கு ஜிடெக்ஸ் என்ற திசுவாரி வெளிப்பாட்டுத் தரவுத்தளம். மற்ற இனங்களுக்கு ஜிஎஸ்இ30352 என்ற பொதுத் தரவுத் தொகுப்பு: மூளை, சிறுமூளை, இதயம், சிறுநீரகம், கல்லீரல், விரை. மனிதர், சிம்பன்சி, பொனோபோ, கொரில்லா, ஒராங்குட்டான், ரீசஸ் எல்லாம் அதில் உண்டு. விழித்திரை இல்லை, குளுட்2 வெளிப்படும் இடங்களில் அதுவும் ஒன்று என்பதால் இது குறைதான்.

இந்தத் தரவின் ரீடுகளை (கருவி படித்துத் தந்த குட்டி வரிசைத் துண்டுகள்) வழக்கம்போல ஸ்டார் என்ற பொருத்தும் மென்பொருளில் ஓட்டி எண்ணினால் வரும் குளுட்2 எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கோளாறு இரண்டு திசையிலிருந்தும் வருகிறது. இரண்டு மரபணுவும் ஒன்றுபோலவே இருக்கும் பகுதியில் விழும் ரீடு இரண்டு இடத்திலும் பொருந்தும். அதற்கு ஸ்டார் தரும் பொருத்தத் தர மதிப்பு 3 ஆகும். ஃபீச்சர்கவுண்ட்ஸ் என்ற எண்ணும் மென்பொருள் அதை இயல்பாகவே தள்ளிவிடும். இது குறைத்துக் காட்டும் பிழை. மற்றது அதைவிட மோசம். குளுட்1இன் எம்ஆர்என்ஏவில் எக்ஸான் இணைப்பைத் தாண்டும் ரீடு 10ஆம் குரோமோசோமில் பொருந்த இன்ட்ரானைத் தாண்ட வேண்டும். குளுட்2இல் முறிவே இல்லாமல் நேராகப் படுத்துக்கொள்ளும். அடுத்த எக்ஸானில் நாலைந்து எழுத்து மட்டுமே நீட்டிக்கொண்டிருந்தால் கருவி நகலைத்தான் தேர்ந்தெடுக்கும். குளுட்1 கொட்டிக் கிடக்கும் கல்லீரலில் குளுட்2 இருப்பதுபோலத் தெரிவதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

தீர்வு: இணைப்புக் குறிப்புக் கோப்பை ஜீனோம் அட்டவணை கட்டும்போதே கொடுத்துவிடுங்கள். குறிக்கப்பட்ட இணைப்புக்கு ஸ்டார் இயல்பாக 2 புள்ளி கூடுதலாகத் தரும். அதன்பின் மரபணு முழுவதையும் எண்ணாமல், இரண்டும் வேறுபடும் எழுத்துகள் உள்ள குறியிடங்களில் மட்டும், தர மதிப்பு 255 உள்ள (ஒரே இடத்தில் பொருந்திய) ரீடுகளை எண்ணி, குளுட்2 எழுத்தின் விகிதத்தை எடுக்க வேண்டும். குறியிடங்கள் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். ஒன்று மட்டும் துள்ளினால் அது தனிநபர் வேறுபாடாக இருக்கலாம், நீக்கிவிடலாம். குறியிடப் பட்டியலை இனத்துக்கு இனம் தனியாகச் செய்ய வேண்டும், ஏனெனில் பிரிந்த பிறகு இரண்டு மரபணுவுமே கொஞ்சம் மாறியிருக்கின்றன.

இந்த முறை ஏமாற்றுகிறதா என்று சோதிக்க ரீசஸைப் போன்ற உதவி வேறில்லை. அதற்கு குளுட்2 கிடையாது. அதன் ரீடுகளை மனித ஜீனோமில் ஓட்டினால் குளுட்2இல் விழுவது முழுக்க இரைச்சல். அந்த அளவைத் தாண்டாத எதையும் நாங்கள் வெளிப்பாடு என்று சொல்வதில்லை.

சோதனைச்சாலையில் ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கிப் பெருக்கி அளக்கும் முறை) செய்பவர்களுக்கு: இன்ட்ரான் இல்லாததால் ஒட்டியிருக்கும் ஜீனோம் டிஎன்ஏவிலிருந்தும் அதே நீளத் துண்டுதான் வரும். எக்ஸான் இணைப்பில் ப்ரைமர் வைக்கும் வழக்கமான தந்திரம் இங்கே பலிக்காது. 1 மைக்ரோகிராம் ஆர்என்ஏவுக்கு 1 யூனிட் டிஎன்ஏஸ்-1, அறை வெப்பத்தில் 15 நிமிடம், பிறகு இடிடிஏ சேர்த்து 65 டிகிரியில் 10 நிமிடம். ஒவ்வொரு மாதிரிக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத குழாய் ஒன்று கட்டாயம். ப்ரைமரின் 3' முனை எழுத்து குளுட்1இலிருந்து வேறுபடும் இடத்தில் முடிய வேண்டும். அப்படியும் துண்டை ஒருமுறை சாங்கர் முறையில் (எழுத்து எழுத்தாக வரிசை வாசிக்கும் முறை) படித்துவிடுங்கள்.

மூளையில் மொத்தத் திசுவை அரைத்தால் அளவு சிறியதாகவே வரும். மனித மூளையில் இந்தப் புரதம் முக்கியமாக ஆஸ்ட்ரோசைட்டிலும், விரையில் செர்டோலி செல்லிலும் காணப்பட்டிருக்கிறது. எனவே வெண்பொருள், சாம்பல்பொருள் கலப்பு மாதிரிக்கு மாதிரி மாறினாலே விகிதமும் மாறும். இரண்டு இனங்களின் மூளையை ஒப்பிடுவதற்கு முன் ஆஸ்ட்ரோசைட்டின் அடையாள மரபணுவான ஜிஎஃப்ஏபியையும் அதே மாதிரிகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.