கரண்ட் போவதற்குள் ஒரு பூட் பென்டிரைவ்

எங்கள் யாங்கோன் கோயில் தமிழ் வகுப்பில் கொஞ்சம் பழைய லேப்டாப்புகள் சும்மா கிடக்கின்றன. "பிள்ளைங்க தமிழ் டைப் பண்ணிப் பழகணும் தம்பி, அவ்வளவுதான் வேணும்" என்றார் வாத்தியார். எல்லாவற்றிலும் விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் கேட்கும். பென்டிரைவில் இன்ஸ்டாலரை எழுதித் தரும் ரூஃபஸ் மென்பொருளில் அந்தச் சோதனையைத் தவிர்க்க ஒரு டிக் இருப்பது உண்மைதான். ஆனால் 4 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்கும் உள்ள மெஷினில் அதைப் போட்டால் திறப்பதற்குள் வகுப்பே முடிந்துவிடும். அதனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச சிஸ்டம், அதில் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு என்று முடிவு செய்தேன்.

பூட் பென்டிரைவ், அதாவது கம்ப்யூட்டரைத் தன்னிடமிருந்தே தொடங்க வைக்கும் பென்டிரைவ், செய்வது என்றால் எல்லாரும் எந்த மென்பொருள் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். இங்கே அது கடைசிக் கவலை. முதலில் ஐஎஸ்ஓ, அதாவது முழு சிஸ்டமும் அடங்கிய ஒற்றைக் கோப்பு, முழுசாக வந்து சேர வேண்டும். கிட்டத்தட்ட 3 ஜிபி கோப்பு. பாதியில் கரண்ட் போகும், நெட்டும் போகும். பிரவுசரில் இறக்கினால் பல நேரம் மறுபடி முதலிலிருந்துதான். கோப்பைத் துண்டு துண்டாக இறக்கும் டோரன்ட் என்றால் விட்ட இடத்தில் தொடரும்; ஒவ்வொரு துண்டையும் அதுவே சரிபார்த்துக்கொள்ளும். இருந்தாலும் ஷா-256, அதாவது கோப்பின் கைரேகை மாதிரியான குறியீடு, பார்க்காமல் நான் பென்டிரைவில் எழுதுவதில்லை. அதைக் கணக்கிட விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் என்ற கட்டளை இருக்கிறது. 64 எழுத்தும் மின்ட் தளத்தில் உள்ளதோடு பொருந்த வேண்டும், ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு குப்பைக்கு.

அடுத்தது பென்டிரைவ். பிளாட்பாரக் கடையில் 128 ஜிபி என்று மலிவாகக் கிடைத்ததை வாங்கி வந்து, உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் எஃப்3 மென்பொருளை ஓட்டினேன். உள்ளே இருந்தது 8 ஜிபிகூட இல்லை. இப்படிப்பட்ட போலிகளில் கன்ட்ரோலர் சிப்பே பொய் சொல்லும். இடம் தீர்ந்த பிறகும் காப்பி ஆவதுபோலவே காட்டும். எழுதியது எங்கேயும் நிற்காது, அல்லது பழைய கோப்பின் மேலேயே விழும். இன்ஸ்டால் நடுவில் காரணம் தெரியாத பிழை வந்தால் பாதி நேரம் இதுதான் என்பது என் சந்தேகம். ரூஃபஸில் உள்ள பேட் பிளாக் (பழுதான இடம்) சோதனையும் போலியைப் பிடிக்கும். ஆனால் பென்டிரைவ் முழுக்க எழுதிப் படிப்பதால் மணிக்கணக்கில் ஆகும். எஃப்3-இல் உள்ள புரோப் என்ற வேகச் சோதனை சில நிமிடத்தில் சொல்லிவிடும். உள்ளே இருப்பதை அழிக்கக்கூடும் என்பதால் வாங்கிய கையோடு செய்துவிடுவது நல்லது.

சரி, மென்பொருளுக்கு வருவோம். பீட் பட்டார்ட் 2011 முதல் பராமரித்து வரும் ரூஃபஸ் சில எம்பி அளவுதான், இன்ஸ்டால்கூட வேண்டாம். டிஸ்கைப் பிரிக்கும் முறை ஜிபிடியா எம்பிஆரா, மெஷினைத் தொடங்கி வைப்பது புதிய யுஇஎஃப்ஐயா பழைய பயாஸா என்று கேட்கும். வகுப்பில் இரண்டு வகை மெஷினும் இருப்பதால் அங்கேதான் யோசிக்க வேண்டியிருந்தது. எட்சர் என்ற இன்னொரு மென்பொருள் எதையும் கேட்காது, எழுதியதைத் திரும்பப் படித்தும் பார்க்கும். ஆனால் ஒரு ஐஎஸ்ஓவுக்கு முழு பென்டிரைவையும் எடுத்துக்கொள்ளும்.

கடைசியில் என் கையில் நின்றது வென்டாய் என்ற மென்பொருள். ஒரே ஒரு தடவை பென்டிரைவில் அதைப் போட வேண்டும், அப்போது உள்ளே இருப்பதெல்லாம் அழியும். அதற்குப் பிறகு ஐஎஸ்ஓவை சாதாரணக் கோப்புபோலக் காப்பி செய்தால் போதும். பூட் ஆகும்போது பட்டியல் வரும். பழைய பயாஸ், யுஇஎஃப்ஐ இரண்டிலும் ஓடுகிறது. நடுவில் கரண்ட் போனால் அந்த ஒரு கோப்பை மறுபடி காப்பி செய்தால் முடிந்தது. லினக்ஸில் காப்பி செய்பவர்களுக்கு ஒன்று: 100 சதவீதம் காட்டினாலும் தரவு ரேமில் காத்துக்கொண்டிருக்கலாம். இஜெக்ட் கொடுத்து, எடுக்கலாம் என்று சொன்ன பிறகே பிடுங்குங்கள்.

செக்யூர் பூட் (அங்கீகரித்த மென்பொருளை மட்டும் தொடங்க விடும் பாதுகாப்பு) உள்ள மெஷினில் முதல் தடவை ஒரு நீலத் திரை வரும். பயப்பட வேண்டாம். அதில் என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க், அப்புறம் பென்டிரைவின் விடாய்-இஎஃப்ஐ பகிர்வில் உள்ள சாவிக் கோப்பு என்று தேர்ந்தெடுங்கள். மெஷினுக்கு ஒரு தடவைதான். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவுக்கு டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9.

எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல்தான். இன்ஸ்டால் செய்யாமலே மின்டை லைவாக ஓட்டி வைஃபை, ஒலி எல்லாம் பார்க்கலாம். விசைப்பலகை அமைப்பில் தமிழ்நெட் 99 என்ற தமிழ் விசைப்பலகை இருக்கிறது, பர்மிய விசைப்பலகையும் இருக்கிறது. ஆனால் ஷட்டவுன் செய்ததும் அமைத்தது எல்லாம் போய்விடும். அதற்கு வென்டாயோடு வரும் ஸ்கிரிப்டில் கேஸ்பர்-ஆர்டபிள்யூ என்று பெயரிட்ட ஒரு சேமிப்புக் கோப்பை உருவாக்கி, வென்டாய் என்ற ஃபோல்டரில் வைக்கும் ஜேசன் அமைப்புக் கோப்பில் மின்டோடு இணைத்தேன். இப்போது பென்டிரைவிலேயே தமிழ் அமைப்பு நிற்கிறது. இரண்டு பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவின் விண்டோஸைத் தொடாமலே டைப் பண்ணுகிறார்கள். வேகம் மட்டும் சுமார்தான்.

மிச்சம் ஒரு 32 பிட் (பழைய வகை ப்ராசஸர்) நெட்புக். மின்ட் 22 அதில் ஏறாது. இன்னொரு லினக்ஸான டெபியன் 13-லும் 32 பிட் இன்ஸ்டாலரை எடுத்துவிட்டார்கள். டெபியன் 12-இன் 32 பிட் ஐஎஸ்ஓ டோரன்டில் வந்துகொண்டிருக்கிறது, அதுவும் இதே பென்டிரைவுக்குத்தான்.