நான் திருத்திய 0.63

அந்தக் கட்டத்தில் 0.63 என்று இருந்தது. ஒரு இந்திய ரூபாய்க்கு எத்தனை இலங்கை ரூபாய் என்ற பத்தி, 1967 ஜூன் மாதக் கடைசி. பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. நமக்குத் தெரிந்து இந்திய ரூபாய் எப்போது ஒன்றுக்குக் கீழே போயிருக்கிறது? யாரோ அவசரத்தில் தலைகீழாக வகுத்துவிட்டார்கள் என்று நானே முடிவு செய்து 1.58 என்று மாற்றினேன். முன்னும் பின்னும் இருந்த வருடங்களையும் அதே சூட்டில் புரட்டிப் போட்டேன்.

விலைவாசிப் புள்ளிவிவரங்களைத் தொகுத்துக் கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் நான் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. 1950இலிருந்து இரண்டு ரூபாய்களுக்குமான மாற்று விகிதத்தைச் சரிபார்ப்பது என் வேலை. (இலங்கை ஏடுகளில் அது நாணயமாற்று வீதம். சொல்லே இரண்டு கரைக்கும் வேறு வேறு.) சாயங்காலம் சார் என் மேசைக்கு வந்தார். இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டப் பகுதியில் பிறந்து, சிறு வயதில் கப்பலேறி வந்தவர்.

"ஏம்மா, இதை யார் திருத்துனது?"

"நான்தான் சார். தலைகீழா இருந்துச்சு."

"தலைகீழாத்தாம்மா இருந்துச்சு அப்போ. எங்க ஐயா தோட்டத்துல சம்பளம் வாங்குன காலம். அங்கத்த நூறு ரூபா இங்க நூத்தம்பத்தேழு."

கால்குலேட்டரைக்கூட அவர் தொடவில்லை. அவர் போனபிறகு நான்தான் தட்டிப் பார்த்தேன். இலங்கையில் மத்திய வங்கி வந்தது 1950இல். அதற்கு முன்பு அங்கே பணம் வெளியிட்டது நாணயச் சபைதான், அவர்களுடைய ரூபாய் நம்முடையதோடு ஒன்றுக்கு ஒன்று கட்டப்பட்டிருந்தது. மத்திய வங்கி வந்தபிறகும் டாலருக்கு இங்கேயும் 4.76, அங்கேயும் 4.76. 1966 ஜூன் 6 அன்று இந்தியா மதிப்பைக் குறைத்து 7.50 ஆக்கியது. கொழும்பு அசையவில்லை. 4.76ஐ 7.50ஆல் வகுத்தால் 0.63. சார் சொன்ன நூற்று ஐம்பத்தேழும் அதே கணக்குதான், மறுபக்கத்திலிருந்து. 1967 நவம்பரில் பிரிட்டிஷ் பவுண்டு சரிந்ததையொட்டி இலங்கையும் தன் பங்குக்குக் குறைத்து 5.95க்குப் போனது. விகிதம் 0.79 ஆயிற்று.

புரட்டியதையெல்லாம் மறுபடி புரட்டி வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அட்டவணை கேட்டவர்களுக்கு ஜூன் மாத விகிதம் போதவில்லை, வருட சராசரி வேண்டும் என்றார்கள். 1966க்குப் போட்டுப் பார்த்தேன். 156 நாள் ஒன்றுக்கு ஒன்று, 209 நாள் 0.63. சராசரி 0.79. அந்த வருடத்தில் ஒரு நாள்கூட யாரும் 0.79க்குப் பணம் மாற்றியிருக்க முடியாது! வேறு வழியாக, டாலர் விலைகளுக்கு முதலில் சராசரி எடுத்து அப்புறம் வகுத்தால் 0.75 வருகிறது. அதுவும் நடக்காத விகிதம். இரண்டில் எது சரி என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் ஒன்றைச் சொல்ல முடியாது. எந்த வழியில் போட்டோம் என்று அடியில் எழுதிவிடுவேன், அவ்வளவுதான்.

இதைவிட என்னைப் படுத்தியது 1968. அந்த ஆண்டு இலங்கை அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தேயிலை, ரப்பர், தேங்காய் ஏற்றுமதிக்கும் அத்தியாவசிய இறக்குமதிக்கும் அதிகாரபூர்வ விலை. மற்ற பெரும்பாலான சரக்குகளுக்கு அதன் மேல் 44 சதவீதம் கூடுதல். பிற்பாடு அந்தக் கூடுதல் 65 வரை ஏறியது. ஒரே நாள், ஒரே நாடு, டாலருக்கு இரண்டு விலை. அதிகாரபூர்வ விலைப்படி இந்திய ரூபாய்க்கு 0.79 இலங்கை ரூபாய், சான்றிதழ் விலைப்படி 1.14. ஒரு பத்தியில் அவர்கள் பணம் உசத்தி, பக்கத்துப் பத்தியில் நம் பணம் உசத்தி. எங்கள் பழைய அட்டவணையில் முதல் பத்தி மட்டும்தான் இருந்தது. இரண்டாவதைச் சேர்க்க சாரிடம் மூன்று நாள் மன்றாடினேன். 1977 நவம்பரில் இரண்டு விலையையும் ஒன்றாக்கி, டாலர் சுமார் 16 ரூபாய் என்று தொடங்கி, சந்தைப் போக்கில் மிதக்கவிட்டார்கள். அதன்பிறகுதான் எனக்குப் பழக்கமான உலகம் வருகிறது.

அதிலும் 1991 ஜூலை என்னை நிறுத்தியது. முதல் வாரத்தில் இந்தியா இரண்டு தவணையாக ரூபாயைக் குறைத்ததில் டாலர் 21இலிருந்து 26 அளவுக்குப் போனது. இலங்கையில் அது 41ஐ ஒட்டியே இருந்தது. அங்கே ஒன்றுமே நடக்கவில்லை, ஆனாலும் என் பத்தியில் 1.95 இருந்த இடத்தில் 1.6. இந்த இரண்டு பணமும் சந்தையில் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது அபூர்வம். டாலர்தான் நடுவில் நிற்கும். மத்திய வங்கிகள் தங்களுக்குள் வர்த்தகக் கணக்கை நேர்செய்துகொள்ள 1974இல் தொடங்கிய ஆசிய தீர்வு ஒன்றியம் வழியாகக் கணக்குத் தீர்த்தபோதும், பிற்காலத்தில் அதற்கும் தனி டாலர்க் கணக்குதான்.

2022 வந்தபோது சார் ஓய்வு பெற்றிருந்தார். மார்ச் தொடக்கத்தில் ஒரு இந்திய ரூபாய்க்கு 2.6 சொச்சம் இலங்கை ரூபாய், மே நடுவில் 4.6. அதுவும் வங்கி விலை. வங்கிக்கு வெளியே பணம் அனுப்பித் தரும் உண்டியல்காரர்கள் கொடுத்த விலை முந்தைய ஆண்டின் கடைசியிலேயே விலகிப் போயிருந்தது. அந்தச் சமயத்தில் ஒருவர் போன் செய்து, "மேடம், 2022க்கு ஒரே ஒரு ரேட் சொல்லுங்க, போதும்" என்றார்.

"பில் என்னைக்குப் போட்டீங்க?"

"பிப்ரவரியில."

"பணம் எப்ப வந்துச்சு?"

கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. "மே பதினேழு" என்றார்.

இரண்டு விகிதத்தையும் எழுதி அனுப்பினேன்.