எத்தனை நாள் சிஸ்டர்?

நோயாளி படுத்திருக்கும் அறைக்குள் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நான் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்த பிறகு, பின்னாலேயே வந்து, கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். மகன் கேட்பார், மருமகள் கேட்பார், சில வீடுகளில் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து, நான் கேட்டதாக மற்றவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்ற நிபந்தனையோடு கேட்பார்கள். ஹாஸ்பிஸ் குழுவில், அதாவது குணப்படுத்த முடியாத நோயில் கடைசிக் காலத்தில் இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் குழுவில், நர்ஸாக இருப்பதால் கேள்வி எனக்குப் பழகிவிட்டது. பதில் சொல்வதுதான் இன்னும் சுலபமாகவில்லை.

கேட்பது ஒன்றுதான், உள்ளே நாலைந்து இருக்கும். லீவு எவ்வளவு போடுவது, தூரத்தில் இருக்கும் தம்பியை இன்றைக்கே கிளம்பச் சொல்வதா, கையில் இருக்கும் பணம் போதுமா. அப்புறம், வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற ஒன்று: இப்படி ராத்திரி தூங்காமல் இன்னும் எத்தனை நாள் என்னால் தாங்க முடியும்? இதை மட்டும் நானாகவே எடுத்துப் பேசிவிடுவேன். "எப்போதான் முடியும்னு தோணுதா? எல்லாருக்கும் தோணும்" என்று சொன்னதும் பலர் அழுதுவிடுவார்கள். அழட்டும், அதற்கும் ஓர் இடம் வேண்டுமே.

தேதி சொல்ல யாராலும் முடியாது. சிகாகோவில் ஹாஸ்பிஸ்களில் சேர்ந்த 468 நோயாளிகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2000-இல் வந்தது. இவர் எத்தனை நாள் இருப்பார் என்று அவர்களை அனுப்பிய டாக்டர்களிடமே கேட்டிருக்கிறார்கள். ஓரளவு சரியாக வந்த கணிப்பு 20 சதவீதம்தான். 63 சதவீதம் பேருக்கு அதிகமாகச் சொல்லியிருந்தார்கள், மொத்தமாகப் பார்த்தால் உண்மையில் இருந்த நாட்களைப்போல ஐந்து மடங்குக்கு மேல். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது: நோயாளியை அதிக காலமாகத் தெரிந்த டாக்டர்கள்தான் அதிகம் தவறியிருக்கிறார்கள். பாசம் வந்துவிட்டால் கணக்கு வராது போலிருக்கிறது, டாக்டருக்கும்தான்.

அதனால் நான் எண் சொல்வதில்லை, வேகத்தைக் கவனிக்கச் சொல்வேன். போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும்தான் வித்தியாசம் தெரிகிறது என்றால் இன்னும் சில மாதங்கள் இருக்கலாம். வாரத்துக்கு வாரம் தளர்ந்துகொண்டே வந்தால் வாரங்கள். நேற்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தவரால் இன்று தலையைத் தூக்க முடியவில்லை என்றால் நாட்கள். இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்குதான் இது, உத்தரவாதம் எதுவும் கிடையாது. ஆனால் தம்பிக்குப் போன் போட இது போதும்.

இத்தனை வருடங்களில் எனக்குப் பிடிபட்ட ஒன்று உண்டு. சாவு வரப்போகிறது என்பது அநேகமாக எல்லா வீட்டுக்கும் தெரிந்தே இருக்கிறது. வரும் வழியில் உடம்பு என்னென்ன செய்யும் என்பதைத்தான் யாரும் சொல்லிவைப்பதில்லை. சொல்லிவைத்த வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். சொல்லாத வீட்டில் அதே மூச்சு, அதே சத்தம், ராத்திரி 2 மணிக்கு ஆம்புலன்ஸ், எமர்ஜென்சி வார்டு, தொண்டைக்குள் டியூப் என்று போய் முடியும். வீட்டிலேயே இருக்கணும் என்று அவர் நல்ல நினைவோடு கேட்டதெல்லாம் அந்தக் கால் மணி நேரப் பயத்தில் அடிபட்டுப் போகும்.

சாப்பாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், வீட்டுக்குள் சண்டை ஆரம்பிப்பது அங்கேதான். ஒருவர் ஊட்டப் பார்ப்பார், நோயாளி வாயை இறுக்கி மூடிக்கொள்வார், இன்னொருவர் "நீ சரியா ஊட்டலை" என்பார். முற்றிய நோயில் பசி போய்விடும், கொடுப்பதை உடம்பால் சதையாக மாற்றவும் முடியாது. உடம்பு கடையைக் கட்டும்போது முதலில் நிறுத்துவது சரக்கு வாங்குவதைத்தான். சாப்பாடு நின்றதால் அவர் போகிறார் என்று குடும்பம் நினைக்கிறது; அவர் போய்க்கொண்டிருப்பதால்தான் சாப்பாடு நின்றிருக்கிறது. இதை நான் ஒரு தடவை சொன்னால் போதாது, ஒரே வீட்டில் நாலு பேரிடம் நாலு தடவை சொல்ல வேண்டும், அதிலும் வாழ்நாள் முழுக்கச் சமைத்துப் போட்ட மனைவிக்கு இது புரிந்தாலும் மனசு ஏற்காது.

"ஒரு பாட்டில் டிரிப்ஸாவது ஏத்துங்களேன்." இதுவும் தினமும் கேட்பதுதான். சில சமயம் உதவும், உதவும் இடத்தில் போடுவோம். ஆனால் கடைசி நாட்களில் சிறுநீரகமும் இதயமும் தளர்ந்த பிறகு ஏற்றும் தண்ணீர் கால் வீக்கமாகவும் நெஞ்சுச் சளியாகவும் மாறலாம். ஹாஸ்பிஸில் இருந்த புற்றுநோயாளிகளில் ஒரு பாதிக்குத் தினமும் ஒரு லிட்டரும் மறுபாதிக்கு வெறும் 100 மில்லியும் ஏற்றிப் பார்த்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. களைப்பு, குழப்பம் போன்ற தொந்தரவுகளிலும் சரி, இருந்த நாட்களிலும் சரி, வித்தியாசம் இல்லை. அந்த நேரத்தில் தாகமாகத் தெரிவது பெரும்பாலும் வாய் வறட்சி. ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் அடிக்கடி நனைத்துவிடுங்கள், உதட்டில் எண்ணெயோ கிரீமோ தடவுங்கள். ஊட்ட முடியாத கைக்கு இது ஒரு வேலை. அந்த வேலை நோயாளிக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு ஊட்டுபவருக்கும் தேவை.

அடுத்தது மார்ஃபின், கடுமையான வலிக்குக் கொடுக்கும் மருந்து. பேரைக் கேட்டதும் முகம் மாறிவிடும். அடிமையாகிவிடுவாரா, மயங்கியே கிடப்பாரா, இதைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவாரா. குறைந்த அளவில் தொடங்கி, வலிக்குத் தகுந்தபடி படிப்படியாக ஏற்றினால் மூச்சை நிறுத்தும் மருந்தல்ல அது. மூச்சுத்திணறலுக்கே சின்ன அளவு மார்ஃபின் கொடுக்கிறோம் என்று சொன்னால் நிறையப் பேர் நம்ப மாட்டார்கள். (முகத்துக்கு நேராக ஒரு சின்ன ஃபேனும் வையுங்கள், கன்னத்தில் காற்று படுவதே திணறலைக் கொஞ்சம் குறைக்கும்.) முதல் சில நாட்களில் தூக்கமும் குமட்டலும் வரும், பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காதது மலச்சிக்கல். மார்ஃபின் எழுதிக்கொடுத்தவர் கூடவே மலமிளக்கி எழுதவில்லை என்றால் திரும்பக் கூப்பிட்டுக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

வலி வந்த பிறகு கொடுப்பது, "இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்பது, இதுதான் பழைய வழக்கம். அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் சிசிலி சாண்டர்ஸ். நர்ஸாக இருந்து, சமூகப் பணியாளராக மாறி, அப்புறம் டாக்டருக்குப் படித்து, 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். வலி தலைதூக்கும் முன்பே நேரம் தவறாமல் மருந்து கொடுக்க வேண்டும் என்றார். வலி உடம்பில் மட்டும் இல்லை, மனசிலும் குடும்பத்திலும் நம்பிக்கையிலும் இருக்கிறது என்று சொன்னதும் அவர்தான். இரண்டாவது சொன்னது எவ்வளவு உண்மை என்று வீடு வீடாகப் போனால்தான் தெரியும். டோஸ் ஏற்றியும் அடங்காத வலி, பேசாமல் இருந்த அண்ணன் வந்து அரை மணி நேரம் உட்கார்ந்ததும் தணிந்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்காக மருந்துக்குப் பதில் அண்ணனைக் கூப்பிடுங்கள் என்று சொல்ல வரவில்லை, இரண்டும் வேண்டும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுவேன். வேளாவேளைக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருக்கும்போது, ஏதோ ஒரு டோஸ் கடைசி டோஸாகத்தான் இருக்கும். அதை யாரோ ஒருவர் கையால்தான் கொடுத்திருப்பார்கள். மகள் கொடுத்த மருந்துக்கு அரை மணி நேரம் கழித்து அப்பா போய்விட்டால் "நான்தான் கொன்னுட்டேனா" என்று அவர் வருடக்கணக்கில் அரற்றக்கூடாது. நடந்த பிறகு சொன்னால் அது வெறும் சமாதானமாகத்தான் காதில் விழும். முன்னாலேயே சொல்லியிருந்தால் கொஞ்சமாவது பிடித்துக்கொள்ள இருக்கும்.

கடைசி நாட்களில் என்ன பார்ப்பீர்கள்? தூக்கம் கூடிக்கொண்டே போகும், கூப்பிட்டால் கண் திறக்கச் சிரமப்படுவார். கண் பாதி திறந்தபடி சொருகியிருக்கும். கை கால் சில்லிடும், முழங்காலிலும் பாதத்திலும் நீலமும் சிவப்பும் கலந்து திட்டுத் திட்டாகத் தெரியும். சிறுநீர் குறைந்து நிறம் அடர்ந்துவிடும். மூச்சு வேகமாகப் போய், பிறகு ஆழம் குறைந்து, அரை நிமிடம்கூட நின்று, எல்லோரும் எழுந்து நிற்கும்போது திரும்ப ஆரம்பிக்கும். மூச்சு இழுக்கிறது என்பார்களே, அதுதான். தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் வரும். விழுங்க முடியாமல் தேங்கிய எச்சிலும் சளியும்தான் அது. கேட்பவருக்குத் தாங்காது. அவரோ பெரும்பாலும் அதை உணரும் நிலையைத் தாண்டியிருப்பார். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலையைக் கொஞ்சம் உயர்த்துங்கள். மெஷின் வைத்து உறிஞ்சச் சொல்வார்கள், ஆழமாக உறிஞ்சினால் அவஸ்தைதான் கூடும்.

சிலர் அமைதியாக இருக்க மாட்டார்கள். துணியை இழுப்பார்கள், எழுந்து எங்கேயோ போகணும் என்பார்கள், இறந்துபோன அம்மாவோடு பேசுவார்கள். பேச்சைத் திருத்த வேண்டாம், அது அவரைப் பயமுறுத்தாத வரை விட்டுவிடுங்கள். திடீரென்று தவிப்பு கூடினால் முதலில் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் அடைத்திருக்கலாம், மலம் இறுகியிருக்கலாம். "கடைசி நேரத் தவிப்பு" என்று எல்லோரும் முடிவுகட்டியது சிறுநீரை வெளியேற்றும் குழாய் (கதீட்டர்) ஒன்றைப் போட்டதும் அடங்கிப் போவதுண்டு.

பதில் இல்லை என்பதால் பேச்சை நிறுத்திவிடாதீர்கள். வான்கூவரில் ஒரு ஹாஸ்பிஸில் இருந்தவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்து 2020-இல் வெளியிட்டார்கள். நினைவு தப்பிய நிலையிலும் சிலருடைய மூளை ஒலிகளுக்கு, ஆரோக்கியமானவர்களுடைய மூளையைப் போலவே எதிர்வினை காட்டியது. கேட்டது புரிந்ததா என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. எனக்கு அவ்வளவே போதும். சொத்துப் பேச்சைக் கட்டிலருகே பேச வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்தது.

"அவருக்கு எதுவும் தெரியக்கூடாது சிஸ்டர்." இது வாசலிலேயே வந்துவிடும் இன்னொரு வாக்கியம். அவருக்குத் தெரியும். தன் உடம்பு தளர்வதை அவரைவிட யார் அருகில் இருந்து பார்க்கிறார்கள்? அவரும் "பிள்ளைங்க தாங்க மாட்டாங்க, சொல்லாதீங்க" என்று என்னிடம் சொல்லியிருப்பார். இரண்டு பக்கமும் நடிக்கிறார்கள், நடுவில் நாட்கள் கரைகின்றன. நான் வலுக்கட்டாயமாக எதையும் சொல்வதில்லை. "உங்க உடம்பைப் பத்தி என்ன நினைக்கிறீங்க? எவ்வளவு தெரிஞ்சுக்க ஆசைப்படறீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்காருவேன். தெரிய வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் அந்த முடிவை அவர்தான் எடுக்கணும், மாப்பிள்ளை இல்லை.

தூரத்திலிருந்து வரும் பிள்ளை தனிக் கதை. மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டவர் ஒருவர், கடைசி வாரம் வந்து இறங்கி "ஏன் ஐசியுல சேர்க்கலை" என்று கத்துபவர் இன்னொருவர். உலகம் முழுக்க இதே கதைதான். 1991-இல் அமெரிக்க முதியோர் மருத்துவ இதழ் ஒன்றில் இதற்கு "கலிஃபோர்னியா மகள்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். (கலிஃபோர்னியாவில் நியூயார்க் மகள் என்கிறார்களாம்.) கத்துபவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை, அவர் பார்க்காத ஆறு மாதத்தை ஒரே நிமிடத்தில் பார்க்கிறார். வீடியோ காலில் முகத்தை மட்டும் காட்டாமல் மெலிந்துபோன கால்களையும் காட்டியிருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும்.

ராப்பகலாகப் பக்கத்திலேயே இருந்துவிட்டு, குளிக்கப் போன பத்து நிமிடத்தில் உயிர் போய்விட்டது என்று நொந்துபோகிறவர்கள் நிறைய. ஏன் அப்படி நடக்கிறது என்று சிலர் அழகான விளக்கமெல்லாம் சொல்வார்கள். நான் சொல்வதில்லை. அடிக்கடி நடக்கும், உங்கள் தவறில்லை என்று மட்டும் முன்பே சொல்லிவைப்பேன், குளிக்கவும் அனுப்புவேன்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும், அதுதான் கிடைப்பதில்லை. ஆண்டுக்கு 5 கோடியே 68 லட்சம் பேருக்கு இந்த மாதிரிப் பராமரிப்பு தேவை, கிடைப்பது 14 சதவீதம் பேருக்குத்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிடைக்கும் இடத்திலும் கடைசி மூன்று நாள் இருக்கும்போது கூப்பிடுவார்கள். எங்களைக் கூப்பிட்டால் நம்பிக்கையை விட்டுவிட்டதாக அர்த்தமாம். 2010-இல் பாஸ்டனில், நுரையீரல் புற்றுநோய் முற்றியிருந்த 151 பேரில் ஒரு பகுதியினருக்கு நோய் தெரிந்த உடனேயே வழக்கமான சிகிச்சையோடு பேலியேட்டிவ் கேரையும், அதாவது வலியையும் தொந்தரவுகளையும் தணிக்கும் இந்தப் பராமரிப்பையும், சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு மனச்சோர்வு குறைவு, கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளும் குறைவு, அப்படியிருந்தும் நடு அளவாக 11.6 மாதம் இருந்தார்கள், மற்றவர்கள் 8.9 மாதம்.

ஒரு குழுவைக் கூப்பிடும்போது முதல் நாளே சிலதைக் கேட்டுவிடுங்கள். ராத்திரி போன் செய்தால் யார் எடுப்பார்கள், வீட்டுக்கு வருவார்களா? மாத்திரை விழுங்க முடியாமல் போனால் மருந்தை எப்படிக் கொடுப்பீர்கள், அது முன்கூட்டியே வீட்டில் இருக்குமா? உயிர் போன பிறகு யாருக்குச் சொல்வது, சான்றிதழ் யார் தருவார்? கடைசிக் கேள்வியைக் கேட்க வீட்டில் யாருக்கும் வாய் வராது. பக்கத்தில் இருக்கும் நண்பரையோ சித்தப்பாவையோ கேட்கச் சொல்லுங்கள், பதிலை எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.